ஏழாம் நம்பர் பிளக்

வியாழக்கிழமை மதியம் என் நாத்தனார் கார் சாவியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். வீசியெறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல இரண்டு விரல்களால் வைத்துவிட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“இனிமே இதைத் தொடமாட்டேன் அண்ணி. என் கை பட்டு எதுதான் உருப்பட்டிருக்கு?”

அவளுக்கு முப்பத்தாறு வயது. என்னைவிட எட்டு வயது இளையவள். வீட்டில் அவளுக்கு இன்னும் வாண்டு என்றுதான் பெயர். மூன்று வருடங்களுக்கு முன் கல்யாண வாழ்க்கை முறிந்து, இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து வீட்டில் ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தாள். தனக்கென்று எதையும் கேட்டதில்லை. முதல்முதலாக அவள் கேட்டது, “அண்ணி, எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றீங்களா?” என்பதுதான்.

கற்றுக்கொண்டாள். லைசென்சும் வாங்கிவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில், வீடு வீடாகப் போய் மாதிரிகளை வாங்கி வர ஆள் தேடினார்கள். காரை அவர்களே தருவார்கள், ஓட்டத் தெரிந்தால் போதும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து, மேலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு முறையாவது தனியாக ஓட்டிப் பார்த்துவிடட்டும் என்று நான்தான் அன்று காலை சாவியைக் கையில் திணித்து அனுப்பினேன்.

பெரிய சந்திப்பில், பச்சை விழுந்ததும் கார் இரண்டு முறை தூக்கிப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் இருமியதே தவிர கிளம்பவில்லை. பின்னால் வரிசையாக ஹார்ன். ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?” என்று கேட்டாராம். நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து எப்படியோ கிளம்பி, விக்கி விக்கி வீடு வந்து சேர்ந்தது.

“கிளட்ச்சைப் பொசுக்குனு விட்டிருப்ப,” என்றார் என் கணவர், சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு.

“விடலைண்ணா. உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். சரியா செஞ்சும் நின்னுதுன்னா அது கைராசிதான். செடி வெச்சேன், பட்டுப்போச்சு. தையல் மிஷின் வாங்கினேன், மூணாம் நாள் மோட்டார் எரிஞ்சுது. கல்யாணம் பண்ணேன்…” நிறுத்திக்கொண்டாள். “அதை விடு.”

“கல்யாணத்தை நீயா பண்ணே, நாங்கதானே பண்ணி வெச்சோம். அந்தப் பாவம் எங்க தலைல விடியட்டும்.”

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள அவங்களுக்கு ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன். வேற யாருக்காவது அந்த வேலை கெடைக்கட்டும்.”

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே பேசியிருக்க வேண்டியவள் நான்.

*

எங்கள் வீட்டில் ராசியான கை என்று ஒன்று உண்டு. அது என்னுடையது. நான் நர்ஸ். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு இப்போது வீடுகளுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறேன், ஊசி போடுகிறேன். “சிஸ்டர் கை பட்டாலே பாதி வலி போயிடும்” என்று நோயாளிகள் சொல்வதை இருபது வருடமாகக் கேட்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, அப்புறம் உண்மையாகவும் தோன்றிவிட்டது. வாண்டு வைத்த செடி வாடினால் அதை நான் வேறு தொட்டியில் வைப்பேன், துளிர்க்கும். உடனே அவளே சொல்வாள், “அதான் அண்ணி கை.” அவள் கை அப்படி இருப்பதால்தான் என் கை இப்படித் தெரிகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் தங்கையும் வெளியே போயிருந்தபோது, கார் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் நானே மாற்றினேன்.

வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். கம்பிகள் இடம் மாறிவிடக் கூடாது என்று, கட்டுப் போடும் பிளாஸ்திரியைக் கிழித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி ஒட்டினேன். பிளக்கைச் சுற்றியிருந்த தூசி உள்ளே விழாமல் ஊதித் தள்ளிவிட்டுத்தான் ஸ்பானரைப் போட்டேன். கழற்றிய நான்கையும் வெள்ளைத் துணியில் வரிசையாகப் படுக்க வைத்தேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. பிளக்கின் முனையும் நாக்குமாதிரிதான், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த மண்ணின் நிறத்தில் இருந்தால் ஆரோக்கியம். என்னுடையவை கறுத்திருந்தன. கரி.

ஏன் என்றும் வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகிறவள். ஐந்து நிமிட ஓட்டம், அரை மணி நேர நிறுத்தம். பிளக் சூடேறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறேன். நன்றாகச் சூடேறினால்தான் அது தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். இப்படி ஓட்டுகிறவர்கள் ஒரு படி சூடான பிளக் போடலாம் என்றார்கள். சூட்டுக்கு ஒரு நம்பர் உண்டு, அது பிளக்கின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

என் பழைய பிளக்கில் ஐந்து என்று இருந்தது. உதிரிபாகக் கடையில் போய், அதே கம்பெனியில் ஏழு கேட்டேன். ஒரு படி என்றுதான் சொன்னார்கள். இரண்டு படி இன்னும் நல்லதுதானே என்று நானாக முடிவு செய்தேன்.

“ஏழா? உங்க வண்டிக்கு அஞ்சுதானே வரும்?” என்றார் கடைக்காரர்.

“ஏழே குடுங்க. எனக்குத் தெரியும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா மிதிச்சு ஓட்டுவீங்க போல,” என்று சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் கணவர், “உனக்கெதுக்கு இந்த வேலை” என்பார். ஒரு மாதம் நன்றாக ஓடட்டும், பிறகு போகிற போக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அந்தப் பேச்சை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுகூட உண்டு.

இரண்டாவது வாரம் காலையில் கிளப்பும்போது வண்டியில் ஒரு நடுக்கம் வந்தது. சிக்னலில் நிற்கும்போது லேசான விக்கல். காலைக் குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலை வாண்டுவின் கையில் சாவியைக் கொடுத்தபோது அந்த விக்கல் எனக்குத் தெரியும்.

*

வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்து ஒரே ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பழையதைவிடக் கறுப்பு. தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்கிற கரி. சூடான பிளக் போட்டும் இவ்வளவு கரி என்றால் கோளாறு பிளக்கில் இல்லை, இன்ஜினுக்குள்ளேயே ஏதோ போய்விட்டது என்று நினைத்தேன். பிளக்கை அவசரமாக மாட்டிவிட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தேன். தூக்கிப் போடுகிறது, கரி கக்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

“உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கும் சிஸ்டர்,” என்றார். “அப்படின்னா இன்ஜினை இறக்கணும். நாளைக்குக் கொண்டாங்க, பாத்துடலாம்.”

திரும்பினால் தலையில் துண்டோடு வாண்டு நின்றுகொண்டிருந்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

“இன்ஜினே போச்சா,” என்றாள். அதிர்ச்சிகூட இல்லை குரலில். எதிர்பார்த்த கடிதம் வந்து சேர்ந்ததுபோல வாங்கிக்கொண்டாள்.

“அப்படி இருக்கலாம்னுதான் சொன்னாரு.”

“ஒரே ஒரு நாள் அண்ணி. ஒரே ஒரு நாள்தான் தொட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘நானும் தொட்டேன்’ என்று இரண்டே சொல். சொன்னால் என் கையும் அவள் கையும் ஒன்றாகிவிடும். அது எனக்கு ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இப்போதும் முழுதாக விளங்கவில்லை. துண்டை அவிழ்த்து மாடியில் காயப்போட அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

*

சனிக்கிழமை காலை பட்டறைக்கு நான்தான் ஓட்டினேன். வாண்டு முன்னால் உட்காரவே மாட்டேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள், மருத்துவமனைக்கு அழைத்துப் போகிற நோயாளி மாதிரி. மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு கதவைக்கூடத் தொடாமல் வந்தாள். வழியெல்லாம் வண்டி விக்கியது.

பட்டறை என்பது ஒரு நீளமான கூரைக் கொட்டகை. உள்ளே ஒரு வேன் தூக்கிவைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் என் வயதுக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் பாதி கிண்டலாக இருக்கும். வண்டியை அணைக்க வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, பானெட்டைத் தூக்கிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“புகை நீலமா இல்லையே. ரிங் போயிருந்தா எண்ணெய் எரியற புகை வரும். அணைங்க, பாப்போம். பிளக்கைக் கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சுடும்.”

“கழட்டுங்களேன்,” என்றாள் வாண்டு.

“சூட்டோட கழட்டினா மரை போயிடும்மா. அரை மணி நேரம் ஆறட்டும். கடைசியா பிளக் எப்ப மாத்தினீங்க?”

“மாத்தவே இல்லை. அஞ்சாறு வருஷமா அதே பிளக்தான், இல்ல அண்ணி?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வேனின் சக்கரத்தைப் பார்த்தேன். யாரோ கூப்பிட, அவர் வேனுக்கடியில் போய்விட்டார்.

சுவரோரம் ஒரு பழைய கார் சீட்டைப் பெஞ்சாகப் போட்டிருந்தார்கள். இருவரும் அதில் உட்கார்ந்தோம். எதிரே திறந்த பானெட்டுக்கடியில் இன்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அது ஆறியதும் அவர் பிளக்கைக் கழற்றுவார், அது புத்தம்புதிது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். எப்படியும் தெரியப்போகிறது என்பதால்தான் சொன்னேனா, அல்லது தானாகவே சொல்லியிருப்பேனா? தானாகத்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வாண்டு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, பரிசோதனைக் கூடத்தின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

“இப்பவே பண்ணிடறேன் அண்ணி. மனசுல வெச்சுக்கிட்டு இருந்தா சாப்பாடு எறங்காது.”

“வைடி.”

“ஏன்?”

“ஃபோனை உள்ள வை. பிளக்கை மாத்தினேன். மூணு வாரம் முன்னாடி, நானே. உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல.”

அவள் ஃபோனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

“அதுக்கப்புறம்தான் வண்டி விக்க ஆரம்பிச்சுது,” என்றேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. “உன்கிட்ட சாவி குடுக்கறப்ப அது விக்கறது எனக்குத் தெரியும். நீ ஓட்டறப்ப நின்னுது, அவ்வளவுதான். நான் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்கும். வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல.”

வேனுக்கடியில் ஏதோ இரும்பு விழுந்து உருண்டது.

“ரெண்டு நாளா,” என்றாள் கடைசியில், “ஒரு டம்ளரை எடுக்கறதுக்குக்கூட பயமா இருந்துது எனக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

அவள் எழுந்து போய்க் காரின் அருகில் நின்றுகொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. முதுகை மட்டும் எனக்குக் காட்டியபடி இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் போய் அவரிடமும் சொன்னேன், ஏழாம் நம்பர் உள்பட.

“ஏழு?” துணி கையிலேயே நின்றுவிட்டது. “ஏன் ஏழு?”

“சூடான பிளக் வேணும்னுதான். கரி பிடிக்காதுன்னு சொன்னாங்க.”

“அது சரிதான். ஏழை யார் சூடுன்னு சொன்னா?”

“அஞ்சைவிட ஏழு ஜாஸ்திதானே?”

அவர் ஸ்பானரைப் போட்டு முதல் பிளக்கைத் திருகி எடுத்தார். முனை முழுக்கக் கரி. கட்டைவிரலால் மேலே துடைத்து, நம்பரைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. ஏதோ இருமல் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், இது ஜுரம் இல்ல, நம்பர் ஏறினா சூடு ஏறறதுக்கு. இந்தக் கம்பெனில ஏற ஏறக் குளிர்ச்சி. சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளிய தள்ளுதுங்கறதுக்குத்தான் இந்த நம்பர். ஏழாம் நம்பர், நாள் பூரா பறக்கற வண்டிக்கு. உங்களுது தெருத்தெருவா நின்னு நின்னு போகுது. அதுல இதைப் போட்டா, பாவம், சூடேறவே ஏறாது, கரியை அப்பிக்கிட்டு உக்காந்திருக்கும். பொறி எங்கேருந்து வரும்?”

“அப்ப ரிங்கு?”

“ரிங்கும் இல்ல சங்கும் இல்ல. காய்ஞ்ச கரி, எண்ணெய்ப் பிசுக்கே கெடையாது. வேற சில கம்பெனில ஏறினா சூடுதான், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் கடைக்காரன்கிட்ட கேக்கறது.”

“அவர் கேட்டாரு,” என்றேன். “நான்தான் எனக்குத் தெரியும்னேன்.”

அந்த இடத்தில்தான் வாண்டு சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“தெர்மாமீட்டர்னு நெனச்சுட்டீங்களா அண்ணி? வண்டிக்கு அஞ்சுலேருந்து ஏழுக்கு ஜுரம் ஏத்தலாம்னு?”

“சிரி, சிரி.”

“அண்ணன்கிட்ட நான்தான் சொல்வேன். எனக்குத்தான் அந்த உரிமை.”

“சொல்லிக்கோ.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது என்று இரண்டு பேர் முன்னால் நிரூபணமாகியிருந்தது, ஆனால் என் உடம்பில் இரண்டு நாளாக இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்து கீழே இறங்கியதை உணர்ந்தேன். இன்ஜின் பிழைத்துவிட்டது. அவள் என்னோடு பேசுகிறாள். ஒரு நம்பரைத் தலைகீழாகப் படித்தது மட்டும்தான் நடந்திருக்கிறது. அதைச் செய்தது இருபது வருடமாக ராசியானது என்று பேர் வாங்கிய கை. அந்தப் பேரை இனிமேல் சுமக்க வேண்டியதில்லை என்பதும் அந்த நிம்மதியில் கொஞ்சம் கலந்திருந்தது.

மெக்கானிக் அலமாரியிலிருந்து ஐந்தாம் நம்பர் பிளக்குகள் நான்கைக் கொண்டுவந்தார். தகடு ஒன்றைச் செருகி ஒவ்வொன்றின் முனை இடைவெளியையும் சரிபார்த்தார். “உங்களை மாதிரி ஓட்டறவங்க வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் நல்லா ஓட விடுங்க. கரியை அதுவே எரிச்சுக்கும். நம்பரை மாத்தவே வேண்டாம்.” நான் ஒட்டிய பிளாஸ்திரி எண்களைக் கண்டு, “இது நல்லாருக்கு,” என்றார். அந்த ஒரு பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

“நான் மாட்டட்டுமா?” என்றாள் வாண்டு.

அவர் அவளைப் பார்த்துவிட்டுப் பிளக்கை நீட்டினார். “முதல்ல விரலாலதான். ஸ்பானர் வேண்டாம். தானா மரையில உக்காரணும். முரண்டு பிடிச்சா விட்டுட்டுத் திரும்ப ஆரம்பிங்க.”

முதல் பிளக் முரண்டு பிடித்தது. அவள் விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கை அதுவாகவே முன்னால் நீண்டது, நான் வாங்கி மாட்டிவிட. பாதியில் பார்த்துவிட்டேன். அதைப் பின்னால் கட்டிக்கொண்டு, “திரும்ப ஆரம்பின்னு சொன்னாரே,” என்றேன்.

எடுத்தாள். பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, மரை ‘டக்’கென்று விழுவதை உணர்ந்து, அப்புறம் முன்பக்கமாகச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடுத்த மூன்றும் அப்படியே. கடைசியில் ஸ்பானரால் அரைச் சுற்று; அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை.

சாவியைத் திருகியதும் வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. விக்கல் இல்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது நான் பின் சீட்டில் ஏறினேன்.

“ஏன் அங்க?” என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

“நோயாளி நான்தானே. என்னைத் திங்கக்கிழமை மேலாளர்னு நெனச்சு ஓட்டு.”

“மேலாளர் முன்னாடி உக்காருவாரு. வாங்க முன்னாடி.”

இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வேறு வழியும் உண்டு. அவள் அந்தப் பெரிய சந்திப்பு வழியாகவே போனாள். சிவப்பு விழுந்தது. நின்றோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்ஜினைக் கவனித்தேன். இருக்கிறதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. வாண்டு ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டாள். மூக்கின் நுனியில் கரி ஒட்டியது. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை; அவள் அண்ணன் பார்க்கட்டும்.

“அந்த வீடியோ இன்னும் இருக்கா உங்ககிட்ட?” என்றாள். “திங்கக்கிழமை போறதுக்கு முன்னாடி அவங்க வண்டியோட பிளக் என்ன நம்பர்னு கேட்டு வெச்சுக்கலாம்னு பாக்கறேன். உங்களை மாதிரி யாராவது மாத்தியிருந்தா?”

பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது.

“பச்சை விழுந்துடுச்சுடி,” என்றேன்.

“தெரியுது, தெரியுது,” என்று சொல்லிக்கொண்டே கிளட்ச்சை நிதானமாக விட்டாள்.